கிரீட் தீவில் கோடை விடுமுறை: உடல்நலமும் பாதுகாப்பும் குறித்த முழுமையான வழிகாட்டி

ஜூலை மாதத்தில் கிரீட் தீவில் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 12 மணிக்கு அன்று, ஏறத்தாழ 1.25 மணிக்குத்தான். கிரேக்க நாட்டின் கோடைகாலக் கடிகாரம் சூரியனைவிட அவ்வளவு முந்தி ஓடுகிறது. சென்னையிலோ மதுரையிலோ வளர்ந்த ஒருவர் பிற்பகல் 3 மணியானதும் வெயில் தாழத் தொடங்கிவிட்டது என்று உடலால் கணக்கிட்டுப் பழகியிருப்பார். கிரீட்டிலோ அந்த நேரத்தில்தான் அன்றைய வெப்பம் உச்சத்தை எட்டிக்கொண்டிருக்கும். மாலை 5 மணிக்கும் கல்லும் மணலும் சுட்டுக்கொண்டே இருக்கும். சூரியன் மறைய இரவு 8.30 ஆகிவிடும். நம்மவர்கள் அங்கே படும் துன்பங்களில் பெரும்பகுதி இப்படி நமக்குத் தெரிந்ததுதானே என்று எண்ணும் இடங்களில்தான் தொடங்குகிறது. வெயில் நமக்குப் பழக்கம், கடல் பழக்கம், ஸ்கூட்டர் நாள்தோறும் ஓட்டுவது. அந்தப் பழக்கத்தை நம்பி எச்சரிக்கையைத் தளர்த்துவோருக்காகவே இவ்வழிகாட்டியை விரிவாக எழுதுகிறேன். கிரீட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டாலும், இதில் பெரும்பாலானவை ரோட்ஸ், சாண்டொரினி, நாக்சோஸ் முதலிய மற்றக் கிரேக்கத் தீவுகளுக்கும் பொருந்தும்.

முதற்படி: எப்போது செல்வது

பள்ளி விடுமுறையைக் கருதி ஜூலை, ஆகஸ்டு மாதங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லாதவர்கள் மே இறுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரையிலோ, செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரையிலோ செல்வது நல்லது. இவ்விரண்டிலும் எனக்கு இலையுதிர் காலமே உகந்தது. கோடை முழுவதும் வெப்பத்தை வாங்கி வைத்த கடல் அக்டோபரிலும் குளிக்க இதமாக இருக்கும். மே மாதத்தில் காற்று இதமாக இருந்தாலும் கடல் நீரின் வெப்பம் 20 பாகையை ஒட்டியே இருக்கும். வங்கக் கடலின் வெதுவெதுப்பில் குளித்துப் பழகிய உடம்புக்கு அது கடும் குளிர். அந்த நீரில் திடீரெனக் குதித்தால் மூச்சு திணறி வாய்வழியே நீர் உள்ளே போய்விடக்கூடும். எனவே காலிலிருந்து தொடங்கி மெல்ல மெல்ல இறங்க வேண்டும். இதய நோய் உள்ளவர்கள் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும்.

முதியோரையும் கைக்குழந்தைகளையும் ஆகஸ்டில் அழைத்துச் செல்லத்தான் வேண்டும் என்றால், அறையில் குளிர்சாதன வசதி இருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமா, படிகள் எத்தனை, அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தொலைவு ஆகியவற்றை முன்பதிவு செய்வதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிரீட் கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளமுள்ள மலைத்தீவு. இராக்லியோனில் பல்கலைக்கழக மருத்துவமனை இருக்கிறது. கானியா, ரெதிம்னோ, அயியோஸ் நிகோலாவோஸ் நகரங்களிலும் பொது மருத்துவமனைகள் உண்டு. இவை அனைத்தும் வடகரையை ஒட்டியே அமைந்திருப்பதால், தென்கரையில் ஓர் அழகிய சிற்றூரில் தங்குவோர் மலையைக் கடந்துதான் அவற்றை அடைய வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: காப்பீடும் ஆவணங்களும்

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ ஷெங்கன் விசாவில் செல்வோர் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். விசாவுக்காக எடுக்கும் மிக மலிவான காப்பீடு அந்த எண்ணிக்கையை நிறைவு செய்யும் என்பது உண்மைதான். ஆனால் அது எதையெல்லாம் விலக்கி வைத்திருக்கிறது என்பதே நமக்கு முக்கியம். ஏற்கெனவே உள்ள நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, இதய நோய் ஆகியவற்றால் வரும் சிக்கல்களை ஏற்குமா? இரு சக்கர வாகன விபத்தை ஏற்குமா? மது அருந்திய நிலையில் நேர்ந்ததை மறுக்குமா? சிறு தீவிலிருந்து ஹெலிகாப்டரில் ஏதென்சுக்கோ கிரீட்டுக்கோ கொண்டு செல்லும் செலவையும், படுத்த நிலையில் தாய்நாட்டுக்குத் திரும்பும் விமானச் செலவையும் தருமா? இந்தக் கேள்விகளுக்கு எழுத்து வடிவில் விடை பெறாமல் பணம் கட்ட வேண்டாம். பழைய நோயை மறைத்து எடுக்கும் காப்பீடு, தேவைப்படும் நாளில் வெறும் தாளாகிவிடும்.

ஐரோப்பாவிலேயே வாழும் தமிழர்களுக்கு வேறொரு வசதி உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் இ.எச்.ஐ.சி. அட்டையும் பிரிட்டனின் ஜி.எச்.ஐ.சி. அட்டையும் கிரேக்கப் பொது மருத்துவமனைகளில் அந்நாட்டு மக்களுக்குரிய அதே நிலையில் சிகிச்சை பெற உதவும். ஆனால் தனியார் மருத்துவமனைச் செலவும் நாடு திரும்பும் செலவும் அவற்றில் அடங்கா. ஆகவே அட்டை இருக்கிறது என்று காப்பீட்டைத் தவிர்ப்பது பிழை.

கடவுச்சீட்டு, விசா, காப்பீட்டு எண், காப்பீட்டு நிறுவனத்தின் 24 மணி நேர உதவி எண், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகலைத் தாளிலும் தொலைபேசியிலும், உடன் வரும் மற்றொருவரிடமும் வைத்திருங்கள். இரத்த வகை, ஒவ்வாமை, நாள்தோறும் உண்ணும் மருந்துகளின் பொதுப்பெயர்கள் ஆகியவற்றை ஆங்கிலத்தில் ஒரு சிறு தாளில் எழுதிப் பணப்பையில் வைப்பது, மயங்கிய நிலையில் நமக்காக அந்தத் தாள் பேசும் என்பதால் மிகவும் பயன்படும்.

மூன்றாம் படி: மருந்துப் பை

வழக்கமான மருந்துகளைப் பயண நாள்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக, கடையில் தந்த உறையிலேயே, கைப்பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள். வலி நிவாரணிகளிலும் தூக்க மருந்துகளிலும் சில, ஐரோப்பிய நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. குறிப்பாகக் கோடீன் கலந்த மாத்திரைகளுக்கு மருத்துவர் கடிதம் கட்டாயம் கையில் இருக்கட்டும். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கிரேக்கக் கடைகளில் மருந்துச் சீட்டின்றித் தரமாட்டார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எளிய காய்ச்சலுக்கான பாராசிட்டமால் எங்கும் கிடைக்கும். அங்கே டெப்போன் என்ற பெயரில் அதை அதிகம் காணலாம்.

நம் வீடுகளில் நீரிழிவு இல்லாத குடும்பம் அரிது என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கோடையில் கிரேக்கக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. இன்சுலின் நேரத்தை எவ்வாறு மாற்றுவது என்று புறப்படுமுன் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினை விமானத்தின் சரக்கறைக்குப் போகும் பெட்டியில் வைக்கக் கூடாது, உறைந்து கெட்டுவிடலாம். வெயிலில் நிறுத்திய காருக்குள்ளும் வைக்கக் கூடாது, அங்கே வெப்பம் 50 பாகையைத் தாண்டிவிடும். நீரில் நனைத்தால் ஆவியாகிக் குளிர்விக்கும் பைகள் விற்கப்படுகின்றன. கடற்கரைக்குச் செல்லும் நாள்களில் நம்ம ஊர் மண்பானைத் தத்துவத்தில் இயங்கும் அந்தப் பை போதுமானது.

இதைவிடவும் முக்கியமானது பாதம். என் தந்தையார் எலாஃபோனிசிக் கடற்கரையில் பிற்பகல் இரண்டு மணிக்குச் செருப்பைக் கழற்றிவிட்டு நீர்வரை நடந்தார். நீண்டகால நீரிழிவால் பாத உணர்வு மங்கியிருந்ததால் சுட்டதே அவருக்குத் தெரியவில்லை. இரவு அறையில்தான் இரு பாதங்களிலும் கொப்புளங்களைக் கண்டோம். அவை ஆற ஏழு வாரங்களாயின. அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாரும் தண்ணீருக்குள்ளும் செருப்பைக் கழற்றுவதில்லை. பின்பட்டை உள்ள ரப்பர்க் காலணிகள் தீவின் எந்தக் கடைத்தெருவிலும் மலிவாகக் கிடைக்கும். அவை மணலின் சூட்டிலிருந்தும் கடல் முட்களிலிருந்தும் ஒருசேரக் காக்கும்.

இவற்றுடன் ஓ.ஆர்.எஸ். பொடி, காயத்துக்கான கட்டுத்துணியும் கிருமிநாசினியும், நுனி கூர்மையான சிறு இடுக்கி, ஒவ்வாமைக்கான மாத்திரை, கொசு விரட்டி, குறைந்தது 30 எண் கொண்ட சன்ஸ்கிரீன் ஆகியவை போதும். கறுத்த தோலுக்குச் சன்ஸ்கிரீன் வேண்டாம் என்பது தவறான நம்பிக்கை. நம் தோலுக்கு இயற்கையாகவே ஓரளவு காப்பு இருப்பது உண்மை. ஆனால் கடல்நீரிலும் வெண்மணலிலும் பட்டுத் திரும்பும் ஒளியில் நாள் முழுதும் இருந்தால் கழுத்தும் தோளும் மூக்கும் கட்டாயம் பொசுங்கும். வெளியே செல்வதற்கு முன்பும், பின்னர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரிலிருந்து ஏறியதும் பூசிக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: வெயிலுக்கேற்ற நாளொழுங்கு

2024 ஜூன் 5 அன்று, பிரிட்டனில் பலரும் அறிந்த மருத்துவரும் தொலைக்காட்சித் தொகுப்பாளருமான மைக்கேல் மோஸ்லி, சிமி என்ற சிறு கிரேக்கத் தீவில் நண்பகல் கடந்த வேளையில் ஒரு பாறைப் பாதையில் தனியாக நடந்து சென்றார். நான்கு நாள்களுக்குப் பிறகு ஒரு கடற்கரை உணவகத்துக்கு மிக அருகிலேயே அவர் உடல் கண்டெடுக்கப்பட்டது. அதே மாதத்தில் வேறு சில கிரேக்கத் தீவுகளிலும் வெயிலில் நடக்கச் சென்ற பயணிகள் சிலர் இறந்தனர். உடல்நலத்தைப் பற்றி ஊருக்கே எடுத்துரைத்த ஒருவருக்கே இது நேர்ந்தது என்பதை எண்ணும்போது, நடைக்குச் செல்லும் நேரத்தைப் பற்றி நான் இத்தனை வற்புறுத்துவதை வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

அங்குள்ள வெயிலுக்கும் நம் கடலோர வெயிலுக்கும் அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. சென்னையில் வியர்வை உடலில் ஊறி வழிவதால், நீர் இழக்கிறோம் என்பதை நாம் உணர்கிறோம். கிரீட்டின் உலர்ந்த காற்றில் வியர்வை தோன்றிய கணத்திலேயே ஆவியாகிவிடுவதால், சட்டை நனையாமலேயே உடல் வறண்டுபோகும். காற்று வீசிக்கொண்டே இருப்பதால் வெப்பமும் தெரியாது. தாகத்தை நம்பாமல், சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். அது அடர் மஞ்சளாகிவிட்டால் நீங்கள் ஏற்கெனவே பின்தங்கிவிட்டீர்கள். இதய நோய்க்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ நீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லப்பட்டவர்களும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்போரும், கடும் வெயிலில் என்ன செய்வது என்று முன்கூட்டியே மருத்துவரைக் கேட்க வேண்டும். தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது.

காற்றின் திசையையும் கவனியுங்கள். தென்றல் என்றால் நமக்குக் குளிர்ச்சி. இலக்கியமெல்லாம் அதைத்தான் பாடுகிறது. கிரீட்டில் நேர்மாறு. தெற்கே லிபியப் பாலைவனத்திலிருந்து வரும் காற்று மலையைத் தாண்டி வடசரிவில் இறங்கும்போது மேலும் சூடாகி, 40 பாகைக்கு மேல் வெப்பத்தைக் கொண்டுவந்துவிடும். சில வேளை சகாராவின் தூசியும் சேர்ந்து வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நாள்களில் அறையிலேயே இருப்பது நல்லது.

நாளை இப்படி வகுத்துக்கொள்ளுங்கள். நடை, அகழ்வாய்வுக் களங்கள், மலையேற்றம் எல்லாம் காலை 11 மணிக்குள் முடிய வேண்டும். க்னோசோஸ் அரண்மனைக் களத்தில் நிழல் குறைவு. கதவு திறக்கும்போதே அங்கே இருக்க முயலுங்கள். பகல் 12 முதல் மாலை 5 வரை அருங்காட்சியகம், உணவு, உறக்கம். இந்தப் பிற்பகல் ஓய்வுக்கு உள்ளூர் மக்கள் ‘மெசிமேரி’ என்று பெயரிட்டு இன்றும் கடைப்பிடிக்கிறார்கள். அதைச் சோம்பல் என்று எண்ணாமல், அந்த மண்ணின் நெடுங்கால அறிவு என்று கொள்ளுங்கள். மாலை 6 மணிக்குப் பிறகு கடற்கரைக்குச் சென்றாலும் இரண்டரை மணி நேரம் வெளிச்சம் இருக்கும்.

தலைச்சுற்றல், குமட்டல், தசைப்பிடிப்பு, மிகுந்த சோர்வு ஆகியவை முதல் எச்சரிக்கை. உடனே நிழலுக்குச் சென்று, படுத்து, காலைச் சற்று உயர்த்தி, உடலை நனைத்து, ஓ.ஆர்.எஸ். கரைசலைச் சிறுகச் சிறுகப் பருக வேண்டும். அரை மணி நேரத்தில் தெளியவில்லை என்றாலோ, பேச்சு குழறி, நிலை தடுமாறி, உடல் அனலாகக் கொதித்தாலோ அது வெப்பத்தாக்கு, உயிருக்கு ஆபத்து. 112-ஐ அழைத்துவிட்டு, உதவி வரும்வரை காத்திருக்காமல் ஆடைகளைத் தளர்த்தி, உடல் முழுதும் நீர் ஊற்றி விசிறுங்கள்; கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். நினைவு தவறியவருக்கு வாயில் நீர் புகட்டக் கூடாது. பாராசிட்டமால் இதற்கு உதவாது.

ஐந்தாம் படி: கடல்

மத்தியதரைக் கடலில் ஏற்றவற்றம் மிகக் குறைவு. காலையில் குளம் போலக் கிடக்கும் நீரைக் கண்டு நீச்சல் தெரியாதவர்களும் துணிந்து இறங்கிவிடுகிறார்கள். தென்கரையின் பல இடங்களில் சில அடிகள் வைத்ததுமே தரை சட்டென்று ஆழத்தில் விழும். கூழாங்கல் கரைகளில் இது இன்னும் கூடுதல். இடுப்பளவுக்கு மேல் செல்வதில்லை என்ற உறுதியை நீச்சல் அறியாதோர் ஒருபோதும் தளர்த்தக் கூடாது. குழந்தைகள் கைக்கெட்டும் தொலைவிலேயே இருக்க வேண்டும்.

ஜூலை, ஆகஸ்டில் ஏஜியன் கடலை ஆள்வது ‘மெல்தேமி’ என்னும் வடகாற்று, நம் மொழியில் வாடை. வானம் நீலமாகத் தெளிந்திருக்கும்போதே அது பலத்து வீசும் என்பதால் பலர் ஏமாறுகிறார்கள். வடகரையில் அது அலையை எழுப்பி, கரையிலிருந்து கடலுக்குள் இழுக்கும் நீரோட்டங்களை உண்டாக்கும். தென்கரையிலோ கடல் அமைதியாகத் தோன்றும். ஆனால் மலையிலிருந்து இறங்கும் வன்காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசி, காற்றடைத்த மெத்தையில் மிதப்பவரைச் சில நிமிடங்களில் நீந்தித் திரும்ப முடியாத தொலைவுக்குத் தள்ளிவிடும். காற்று உள்ள நாளில் காற்றடைத்த மெத்தையும் வளையமும் கடலில் வேண்டவே வேண்டாம். அவற்றை நீச்சல் குளத்துக்கு ஒதுக்குங்கள். நீரோட்டத்தில் சிக்கினால் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைக்காமல், மிதந்தபடியே கரைக்கு இணையாக நகர்ந்து, இழுப்பு தளர்ந்த பின் கரையை நோக்கித் திரும்புங்கள்.

உயிர்காப்பாளர்கள் பெரிய கடற்கரைகளில், கோடைக்காலத்தில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே இருப்பார்கள். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. மஞ்சள் என்றால் எச்சரிக்கை. மது அருந்திவிட்டு இறங்குவதும், ஆழம் அறியாமல் பாறையிலிருந்து தலைகீழாகக் குதிப்பதும், அந்த நாளை மட்டுமல்லாமல் எஞ்சிய வாழ்நாளையே மாற்றிவிடக்கூடியவை.

இனி, குத்துபவையும் கொட்டுபவையும். பாறைகளில் ஒட்டியிருக்கும் கறுப்பு முட்பந்துகளை, அதாவது கடல் முள்ளெலிகளை, மிதித்தால் முள் ஒடிந்து உள்ளே தங்கும். சூடான நீரில் காலை ஊறவைத்து இடுக்கியால் நேராக இழுத்து எடுங்கள்; மூட்டருகே ஆழமாகப் பதிந்ததை மருத்துவரிடம் விட்டுவிடுங்கள். ஆழமற்ற மணலில் புதைந்திருக்கும் திராகெனா என்ற சிறு மீனை மிதித்தால் வலி உயிர் போகும். அதன் நஞ்சு வெப்பத்தில் சிதையும் என்பதால், தோல் வெந்துவிடாத அளவில் பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை காலை வைத்திருப்பதே சிறந்த முதலுதவி. மற்றொருவர் கையால் சூட்டைச் சோதித்துத் தர வேண்டும். ஊதா நிறச் சொறிமீன் தீண்டினால் கடல்நீரால் மட்டுமே அலசுங்கள். நன்னீரும், தேய்ப்பதும், பலர் பரிந்துரைக்கும் வினிகரும் அந்த வகையில் எஞ்சிய நச்சுச் சரங்களைத் தூண்டிவிடும்.

சூயஸ் கால்வாய் வழியே செங்கடலிலிருந்து புகுந்த இரு மீன்களையும் அறிந்திருப்பது நல்லது. ஒன்று, அழகிய சிங்கமீன். அதன் முதுகு முட்களில் நஞ்சு உண்டு, கையால் தொடக் கூடாது. மற்றொன்று, வெள்ளிக் கன்னமுள்ள பேத்தை. நம் மீனவர்கள் பேத்தையை வலையிலிருந்து ஒதுக்கி எறிவதைப் பார்த்திருப்பீர்கள். இதன் நஞ்சு சமைத்தாலும் அழியாது. உண்டால் உயிரைப் பறிக்கும். தாமே தூண்டில் போட்டு, பெயர் தெரியாத மீனைச் சமைத்து உண்பதை முற்றிலும் தவிர்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: சாலை

நாள்தோறும் நெரிசலில் ஓட்டும் நமக்கு, கிரீட்டின் காலியான மலைச்சாலை எளிதாகத் தோன்றும். ஆனால் அங்கே வலப்புறம் ஓட்ட வேண்டும். நேர்ச்சாலையில் இது விரைவில் பழகிவிடும். தவறு நேர்வது உணவகத்திலிருந்து வெளியேறும் முதல் திருப்பத்திலும், சுற்றுவட்டத்திலும், காலைத் தூக்கக் கலக்கத்திலும்தான். நடந்து சாலையைக் கடக்கும்போதும் முதலில் இடப்பக்கம் பார்க்க வேண்டும்.

இந்திய உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் புறப்படுமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கார் உரிமம் மட்டும் உள்ள ஒருவருக்கு ஸ்கூட்டரைத் தந்துவிடும் வாடகைக் கடைகள் இருக்கலாம். ஆனால் விபத்து நேர்ந்தால் அந்த வகைக்கு உரிமம் இல்லை என்ற ஒரே காரணத்தால் காப்பீடு மறுக்கப்படும். நான்கு சக்கரக் குவாட் வண்டி பொம்மை போலத் தோன்றினாலும் வளைவில் எளிதில் கவிழும். அதை வாடகைக்கு எடுக்க வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஸ்கூட்டர் எடுத்தால் ஹெல்மெட்டும், முழுக்கால் சட்டையும், மூடிய காலணியும் கட்டாயம். இரத்தத்தில் மதுவின் வரம்பு கார் ஓட்டுநருக்கு லிட்டருக்கு 0.5 கிராம், இரு சக்கர வாகனத்தாருக்கு 0.2 கிராம். உணவு முடிந்ததும் உணவகத்தார் அன்போடு இலவசமாகக் கொண்டுவந்து வைக்கும் ‘ராக்கி’ என்னும் திராட்சைச் சாராயத்தின் ஒரு சிறு குவளைகூட உங்களை அந்த வரம்பின் அருகே கொண்டுபோகும். நன்றி கூறி விலக்கினால் அவர்கள் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

வடகரை நெடுஞ்சாலையில் உள்ளூர் ஓட்டுநர்கள் சாலையோர ஒதுக்குப் பட்டையில் பாதி ஏறி ஓட்டி, பின்னால் வருபவருக்கு வழி விடுவார்கள். அதைக் கண்டு பதறாமல் உங்கள் வேகத்திலேயே செல்லுங்கள். மலைச்சாலையில் ஒவ்வொரு வளைவுக்கு அப்பாலும் ஆட்டு மந்தை நிற்கிறது என்று கருதி ஓட்டுவது பயன் தரும். பல நேரம் அது உண்மையாகவே நிற்கும். பாலோஸ் போன்ற கடற்கரைகளுக்கான மண்பாதைகளில் வண்டியின் அடிப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் நேரும் சேதம் பெரும்பாலும் வாடகைக் காப்பீட்டில் அடங்காது. படகில் செல்லும் வழியும் இருக்கிறது.

ஏழாம் படி: சமாரியா பள்ளத்தாக்கு

கிரீட்டுக்குச் செல்லும் பலரும் நடக்க விரும்பும் இப்பாதை, ஓமாலோஸ் சமவெளியின் விளிம்பில் ஏறத்தாழ 1,230 மீட்டர் உயரத்திலுள்ள சைலோஸ்காலோவில் தொடங்கி, 16 கிலோமீட்டர் இறங்கி, லிபியக் கடலோரத்திலுள்ள அயியா ரூமேலி என்ற சிற்றூரில் முடிகிறது. அந்த ஊருக்குச் சாலை இல்லை. படகில்தான் வெளியேற வேண்டும். இறக்கம்தானே என்று எண்ணுவோரின் முழங்கால்கள் முதல் மூன்று கிலோமீட்டரிலேயே கெஞ்சத் தொடங்கிவிடும். மூட்டுவலி உள்ளவர்கள், அயியா ரூமேலிக்குப் படகில் வந்து, கீழிருந்து மேலாக, பாறைச்சுவர்கள் சில மீட்டர் அளவுக்கு நெருங்கி நிற்கும் ‘வாயில்கள்’ வரை மட்டும் நடந்து திரும்பலாம். பள்ளத்தாக்கின் மிக அழகிய இடமும் அதுவே.

முழுவதும் நடப்போர் காலை 7 மணிக்கே தொடங்கி, 5 முதல் 7 மணி நேரம் ஒதுக்க வேண்டும். பாதையில் ஊற்றுகள் உண்டு என்பதால் இரண்டு பாட்டில்களை நிரப்பி நிரப்பிச் செல்லலாம். புதுக் காலணியுடன் நடக்க வேண்டாம். கல் உருளும் பகுதி என்ற பலகை உள்ள இடங்களில் படம் எடுக்க நிற்காமல் கடந்துவிடுங்கள். கடும் வெயிலிலும் மழையிலும் பள்ளத்தாக்கை மூடிவிடுவார்கள். ஏமாற்றமாக இருந்தாலும் அந்த முடிவை மதிக்க வேண்டும். உள்ளே கால் முறிந்தால் கழுதை முதுகில்தான் வெளியே வர நேரும்.

மனித உயிரைப் பறிக்கக்கூடிய பாம்பு இனம் கிரீட்டில் இல்லை என்பது நடைப் பயணிகளுக்கு ஆறுதலான செய்தி.

எட்டாம் படி: நீரும் உணவும்

கிரேக்க மொழியில் தண்ணீருக்கு ‘நெரோ’ என்று பெயர். நம் நீருக்கும் அதற்கும் உள்ள ஒலி ஒற்றுமை தற்செயலானது என்றாலும், மறக்காமல் இருக்க உதவும். கிரீட்டின் பல ஊர்களில் குழாய் நீரைக் குடிக்கலாம். தங்குமிடத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். சாண்டொரினி போன்ற வறண்ட தீவுகளில் பாட்டில் நீரையே நம்ப வேண்டும்.

உணவு பொதுவாகத் தூய்மையானது. சைவ உணவு உண்போர், எண்ணெயில் வேகவைத்த காய்கறி வகைகளான ‘லதேரா’வையும், ‘ஹோர்தா’ என்னும் கீரையையும் கேட்கலாம். ‘நிஸ்திசிமோ’ என்பது நோன்பு உணவைக் குறிக்கும். அதில் இறைச்சி, பால், முட்டை இராது, ஆனால் கணவாயும் இறாலும் இருக்கலாம். இரத்த அணுக்களைக் காக்கும் ஜி6பி.டி. என்னும் நொதி பிறவியிலேயே குறைவாக உள்ளவர்கள் ‘குக்கியா’ என்னும் மொச்சை போன்ற அவரையை, குறிப்பாக வசந்தத்தில் பச்சையாகப் பரிமாறுவதை, அறவே தவிர்க்க வேண்டும். இரத்த அணுக்கள் சிதையும். ‘ஃபாவா’ என்ற பெயரில் வரும் மஞ்சள் மசியல் வேறொரு பருப்பால் ஆனது. கர்ப்பிணிகள் மலையோரத்தில் ஆயர்கள் விற்கும் காய்ச்சாத பால் பாலாடைக்கட்டியை உண்ணக் கூடாது. புருசெல்லா, லிஸ்டீரியா கிருமிகளின் ஆபத்து உண்டு.

ஒன்பதாம் படி: காட்டுத்தீயும் நிலநடுக்கமும்

2023 ஜூலையில் ரோட்ஸ் தீவில் எழுந்த காட்டுத்தீயால் ஏறத்தாழ 19,000 பேர் தங்குமிடங்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். 2025 ஜூலைத் தொடக்கத்தில் கிரீட்டின் இயராபேத்ரா அருகிலும் பயணிகளும் ஊராரும் வெளியேற நேர்ந்தது. தீ பரவும்போது அப்பகுதியிலுள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் 112 அமைப்பிலிருந்து உரத்த ஒலியுடன் கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் செய்தி வரும். எந்தத் திசையில் செல்லச் சொல்கிறதோ அந்தத் திசையிலேயே, உடனே, பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்காமல் செல்லுங்கள். கடவுச்சீட்டும் மருந்தும் தண்ணீரும் எப்போதும் ஒரே சிறு பையில் இருந்தால் இதற்கு ஒரு நிமிடம் போதும். ஈரத்துணியால் மூக்கை மூடி, பருத்தி ஆடையுடன் நகருங்கள். மே 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்த வெளியில் தீ மூட்டுவது தடை செய்யப்பட்டுள்ளது.

நிலநடுக்கம் இத்தீவுக்குப் புதிதன்று. கி.பி. 365-இல் நேர்ந்த பெருநடுக்கம் தீவின் மேற்குக் கரையைப் பல மீட்டர் மேலே தூக்கியது. ஃபலாசர்னாவில் பழைய துறைமுகம் இன்று உலர்ந்த தரையில் நிற்பதை நீங்களே காணலாம். 2021 செப்டம்பரில் அர்காலோகோரி அருகே வீடுகள் இடிந்தன. நடுக்கத்தின்போது மேசைக்கு அடியில் குனிந்து தலையைக் காத்துக்கொள்ளுங்கள். நின்றதும் மின்தூக்கியைத் தவிர்த்துப் படிவழியே திறந்தவெளிக்கு வாருங்கள். கடற்கரையில் இருக்கும்போது நீண்ட, வலுவான நடுக்கத்தை உணர்ந்தால், எந்த அறிவிப்புக்கும் காத்திராமல் மேட்டை நோக்கி நடக்கத் தொடங்குங்கள்.

பத்தாம் படி: நோயுற்றால்

சிறு தொல்லைகளுக்கு முதலில் செல்ல வேண்டிய இடம், பச்சைச் சிலுவை ஒளிரும் ‘ஃபார்மகியோ’, அதாவது மருந்துக்கடை. மருந்தாளுநர்கள் நன்கு பயின்றவர்கள். பெரும்பாலோர் ஆங்கிலம் பேசுவார்கள். இரவிலும் ஞாயிறன்றும் எந்தக் கடை திறந்திருக்கும் என்ற முறைப்பட்டியல் மூடிய கடைகளின் கதவில் ஒட்டப்பட்டிருக்கும்.

அவசரத்துக்கு 112, ஐரோப்பா முழுவதற்கும் பொதுவான இந்த எண்ணில் ஆங்கிலத்தில் பேசலாம். ஆம்புலன்சுக்கு நேரடி எண் 166. முதலில் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள், பிறகு நேர்ந்ததை, பிறகு எத்தனை பேர் என்பதை. தொலைபேசி வரைபடத்தில் தோன்றும் இட எண்களைப் படித்துக் காட்டப் பயணத்துக்கு முன்பே பழகிக்கொள்ளுங்கள். மலைப்பாதைக்கு முகவரி கிடையாது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டால் அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். தங்குமிடத்தார் தனியார் மருத்துவர் ஒருவரை வரவழைக்க முன்வந்தால், உயிராபத்து இல்லாத நிலையில், கட்டணத்தைக் கேட்டு, காப்பீட்டாரிடம் ஒப்புதல் பெற்ற பிறகே சம்மதியுங்கள்.

மாலையில் கொசு விரட்டி பூசுவதையும் மறக்க வேண்டாம். கிரேக்கத்தில் கொசுக்கள் வழியே மேற்கு நைல் நோயும், மணல் ஈக்கள் வழியே லீஷ்மேனியா நோயும் பரவுகின்றன. ஊர் திரும்பிய சில வாரங்களில் காரணம் தெரியாத காய்ச்சலோ, ஆறாத தோல் புண்ணோ தோன்றினால், கிரீட்டுக்குச் சென்று வந்ததையும், அங்கே காய்ச்சாத பாலாடைக்கட்டி உண்டதையும்கூட, கேட்காவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிகிச்சைச் செலவைத் திரும்பப் பெற, முத்திரையிட்ட மூல ரசீதுகளையும் மருத்துவர் அறிக்கையின் ஆங்கில வடிவத்தையும் தீவை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிட வேண்டும்; ஊர் வந்து சேர்ந்த பின் அவற்றைக் கடிதத்தில் வரவழைக்க மாதங்கள் ஆகலாம்.